ஐம்பத்து மூன்று முறை ‘இது’

டீச்சர்,

நேற்று மாலை உங்கள் கணவர் வந்திருந்தார். ஊரப்பாக்கத்திலிருந்து தாம்பரம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாராம். உட்காரச் சொன்னேன், மறுத்துவிட்டார். கையிலிருந்த துணிப்பையை மேசைமேல் வைத்து, "அவங்க அலமாரியை ஒழிச்சேன் சார். இதுல உங்க பேர் எழுதி ஒட்டியிருந்துச்சு" என்றார். தண்ணீர் மட்டும் குடித்தார். உங்கள் சாவுக்கு நான் வராததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன்.

பையைத் திறந்ததும் காய்ந்த கோந்தின் வாடை. உள்ளே ஓர் அட்டை, சட்டைப் பெட்டியைக் கிழித்து நான் செய்தது. நடுவில் குவிலென்ஸின் வடிவில் வெட்டி ஒட்டிய ரப்பர். அதன் இடப்பக்கம் ஒன்றுக்கொன்று இணையாக ஐந்து சணல் நூல்கள், வலப்பக்கம் அவை வளைந்து போய்ச் சேரும் இடத்தில் ஒரு புளியங்கொட்டை. ஐந்தில் மூன்றாவது நூல் மட்டும் கொட்டையைத் தொடாமல் விலகிப் போகிறது. என் வேலைதான், சந்தேகமில்லை.

அட்டைக்குக் கீழே ஒரு தாள் இருந்தது. கையெழுத்தும் என்னுடையதுதான். நீங்கள் கிழித்துப் போட்டுவிட்டதாக ஆறு வருடமாக நான் நம்பியிருந்த தாள் அது. என் கையெழுத்தின் மேலேயே, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, பிரெயில் புள்ளிகள் குத்தப்பட்டிருந்தன. எனக்கு பிரெயில் வாசிக்கத் தெரியாது. கற்றுக்கொள்ளச் சொன்னீர்கள், நான் கற்றுக்கொள்ளவில்லை.

என்னை இதற்குள் இழுத்துவிட்டவர் நீங்கள். அதனால் உங்களுக்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நீங்கள் நம் பள்ளிக்கு வர ஆரம்பித்தபோது எனக்குப் பதினெட்டு வருட சர்வீஸ். நீங்கள் சிறப்பாசிரியர். செவ்வாயும் வியாழனும் எங்களிடம், மற்ற நாட்கள் மற்ற பள்ளிகளில். பத்தாம் வகுப்பில் கண் தெரியாத ஒரே பிள்ளை மேகலா. அவள் அம்மா தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்பவள். மேகலாவுக்காக நீங்கள் வந்தீர்கள், மேகலாவோடு இருந்துவிட்டுப் போவீர்கள் என்றுதான் நான் நினைத்தேன். நீங்களோ ஒரு செவ்வாய்க்கிழமை என் அறிவியல் வகுப்பில், கடைசி பெஞ்சில், பிள்ளைகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தீர்கள். உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

தூங்குகிறீர்கள் என்று நினைத்தேன். காலை ரயில் கூட்டத்தில் வந்த களைப்பு, போகட்டும் என்று விட்டுவிட்டேன். எதிரொளிப்பு பாடம். நன்றாகத்தான் நடத்தினேன். மணி அடித்ததும் நீங்கள் எழுந்து, நாற்பத்தாறு பிள்ளைகள் கேட்க, "சார், நாற்பது நிமிஷத்துல ஐம்பத்து மூணு ‘இது’, பத்தொன்பது ‘இங்க பாரு’" என்றீர்கள்.

எனக்குப் புரியவில்லை.

"‘இது வந்து இதுல பட்டு இப்படிப் போகும்’னு சொன்னீங்க. நானும் கண்ணை மூடிக்கிட்டு கேட்டேன். எது எதுல பட்டு எப்படிப் போச்சுன்னு இப்ப வரைக்கும் தெரியலை சார்."

வகுப்பு சிரித்தது. மேகலாவும் சிரித்தாள். நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். வராந்தாவில் பின்னாலேயே வந்தீர்கள். "சார், எழுதினதை வாயால சொல்லிடுங்க. அவ்வளவுதான் நான் கேட்கறது" என்றீர்கள். "எனக்குப் பாடம் எடுக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்" என்று நான் சொன்னேன். எம்.எட். படித்தவன் நான். வகுப்பறை நடைமுறை பற்றி ஆய்வேடு எழுதியவன். எல்லாம் வாய்வரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

பிள்ளைகள் முன்னால் நீங்கள் அதைச் சொன்னதை இன்றும் நான் சரியென்று ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்டாஃப் ரூமில் தனியாகச் சொல்லியிருக்கலாம். இறந்துபோனவரிடம் கோபம் வைத்திருப்பது அழகில்லை என்பார்கள். எனக்கு அழகு முக்கியமில்லை.

மறுநாள் தலைமையாசிரியர் கூப்பிட்டார். என்னைவிட நான்கு வருடம் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர். அவர் தாத்தாவின் வயலில்தான் பள்ளியே நிற்கிறது, நாற்காலி யாருக்குப் போகும் என்பதில் எங்களுக்குள் ஒருபோதும் ஐயம் இருந்ததில்லை. "சார், போன வருஷம் நூத்துக்கு நூறு ரிசல்ட். இந்த வருஷம் ஒரு பிள்ளையால அது போகக்கூடாது. அந்தப் பொண்ணுக்குச் சயின்ஸ்தான் இடிக்குது. நீங்க எழுதிக் குடுத்தா யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. படிச்சவர் நீங்க" என்றார். பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை போகிறது. அதற்குள் மேகலாவுக்கு டி.சி. கொடுத்து, நகரத்தில் ஹாஸ்டலோடு இருக்கும் பள்ளிக்கு அனுப்பிவிடலாம் என்பது அவர் கணக்கு.

படிச்சவர் நீங்க. அந்த வாரத்தில் என்னை அப்படி யாராவது சொல்ல வேண்டும் என்று நான் ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது. பள்ளி அலுவலகத் தாள் மெல்லியது. என் கோபத்துக்கு அது போதாது என்று அன்றிரவே வீட்டிலிருந்த கெட்டி பாண்ட் தாளை எடுத்து, நல்ல மையில் எழுதினேன். "மேற்படி மாணவி வகுப்பறைக் கற்பித்தலைப் பின்தொடரும் நிலையில் இல்லை. அவரது நலன் கருதி வேறு பள்ளிக்கு மாற்றுவது பொருத்தமாக இருக்கும்." இன்னும் எட்டு வரிகள். ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

சிறப்பாசிரியரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று தலைமையாசிரியர் அந்தத் தாளை வியாழக்கிழமை உங்களிடம் கொடுத்தார். நீங்கள் கையெழுத்துப் போடவில்லை. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மாலையில் தாம்பரம் ஸ்டேஷன் ஐந்தாவது பிளாட்பாரத்தில் என்னைப் பிடித்தீர்கள். செங்கல்பட்டு வண்டி வருவதாக அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. கத்தப்போகிறீர்கள் என்று நான் தயாராக நின்றேன்.

"நீங்க எழுதினது உண்மைதான் சார்" என்றீர்கள். "ஒரே ஒரு வார்த்தைதான் விட்டுப்போச்சு. ‘என்’ வகுப்பறைக் கற்பித்தலைப் பின்தொடரும் நிலையில் இல்லைன்னு திருத்திக் குடுத்துடுங்க. நான் இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"டீச்சர், அடுத்த பாடம் லென்ஸ். ஒளிவிலகல். கதிர் படம். பிறந்ததிலேர்ந்து வெளிச்சம்னா என்னன்னு தெரியாத பொண்ணுக்கு அதை நான் எப்படிச் சொல்றது?"

"நீங்க ஒளிக்கதிரைப் பாத்திருக்கீங்களா?"

"என்ன கேள்வி இது?"

"ஒரு கதிரைத் தனியா, கோடு மாதிரி, கண்ணால பாத்திருக்கீங்களா? யாரும் பாத்ததில்ல சார். அது நாம பேப்பர்ல போட்டுக்கிட்ட கோடு. கோட்டை அவளால தடவிப் பார்க்க முடியும்."

வண்டி வந்து நின்றது. ஏறும்போது, "ஹாஸ்டலுக்கு அவங்கம்மா அனுப்ப மாட்டாங்க. டி.சி. வாங்கினா அந்தப் பொண்ணு வீட்டோட நின்னுடும். அதை மட்டும் தெரிஞ்சு செய்யுங்க" என்றீர்கள். அத்தனை கூட்டத்தில் நீங்கள் வாசல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனது இப்போதும் தெரிகிறது.

சனிக்கிழமை காலை மார்க்கெட்டுக்குப் போனேன். எப்போதும் வாங்கும் இடத்தை விட்டுத் தள்ளித்தான் போனேன். ஆனால் மேகலாவின் அம்மா என்னைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா சார், கண்டுக்காம போற? வஞ்சிரம் இப்பத்தான் வந்துது, பாரு, கண்ணு எப்டி கீதுன்னு."

குனிந்து மீனைப் பார்ப்பதுபோல் நின்றேன்.

"பெரிய வாத்தியார் நேத்து கூப்டு அனுப்சாரு சார். திங்கக்கெழமை வந்து டி.சி. வாங்கிக்கோன்றாரு. யாரோ ஒரு வாத்தியாரு, இதுக்குப் படிப்பு ஏறாதுன்னு எழுதிக் குட்த்துட்டானாம். தெனம் காலைல அத்த இஸ்துகினு வந்து கேட்டாண்ட வுட்டுட்டு அப்பால தான் நான் கடை போடறேன். பட்டணத்துக்கு இட்டுனு போய் ஹாஸ்டல்ல வுடுன்னா வுட்ருவனா? வூட்ல குந்திக்கும், வேற இன்னா பண்றது." கத்தியைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். "யாரு சார் அந்த வாத்தி? உனுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றேன்.

"தெரிஞ்சா சொல்லு சார். சண்டை போட மாட்டேன். இன்னான்னு கேக்கணும், அவ்ளோதான்."

நடுத்துண்டாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தாள். வீட்டில் அதை நான் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று மனைவியிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சட்டைப் பெட்டியையும் சணலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனம் திருந்திவிட்டேன் என்று எண்ணிவிடாதீர்கள். உங்களைத் தோற்கடிக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முறையாக எல்லாம் செய்து, அப்படியும் அவளுக்குப் புரியவில்லை என்று காட்டினால் உங்கள் வாய் அடைபடும் என்று நினைத்தேன். கோந்து காய்வதற்குள் மூன்றாவது நூல் நழுவியதைக் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை இரண்டாவது பீரியட். மேகலாவின் அம்மா தலைமையாசிரியர் அறை வாசலில், காலியான அன்னக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். நான் தலையைத் திருப்பிக்கொண்டு வகுப்புக்குள் போனேன். அட்டையை மேகலாவிடம் கொடுத்தேன். கரும்பலகையில் படம் போட்டேன். படத்தைக் காட்டக் கை எழும்பியது. எழும்பிய கையைக் கீழே இறக்கினேன்.

டீச்சர், பதினெட்டு வருடமாக நான் கையால்தான் பாடம் நடத்தியிருக்கிறேன். கையைக் கட்டிவிட்டதும் எனக்கு லென்ஸே தெரியாது போலிருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் நின்று தேட வேண்டியிருந்தது. "இடப்பக்கத்திலிருந்து ஐந்து கதிர்கள் வருகின்றன. ஒன்றுக்கொன்று இணையாக வருகின்றன. லென்ஸின் நடுப்பகுதி தடித்திருக்கிறது, ஓரங்கள் மெலிந்திருக்கின்றன." இப்படி, குழந்தை எழுத்துக் கூட்டுவதுபோல. அவள் விரல் நூலின்மேல் என் பேச்சோடு சேர்ந்து நகர்ந்தது. நான் நின்ற இடத்தில் அதுவும் நின்றது. பாதியில் பார்க்கிறேன், ஜன்னலுக்கு வெளியே தலைமையாசிரியர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"எல்லாக் கதிர்களும் முதன்மைக் குவியம் என்ற ஒரே புள்ளியில் போய்ச் சேர்கின்றன" என்று முடித்தேன்.

"சார்" என்றாள் மேகலா. "எல்லாம் சேரலை சார்."

"சேருது. நல்லாத் தடவிப் பாரு."

"நாலுதான் சார் கொட்டைகிட்ட வருது. மேலேர்ந்து மூணாவது கீழ போயிடுது. மேல ரெண்டு கீழ வளையுது, கீழ ரெண்டு மேல வளையுது, இது நடுவுல வர்றதுதானே? அப்ப அது வளையாம நேராத்தானே போகணும்?"

நான் போய்க் குனிந்து பார்த்தேன். ஜன்னலில் தலைமையாசிரியர். நாற்பத்தாறு பிள்ளைகள். தோற்கடிக்க வந்தவனுக்கு வேறு வழி இருக்கவில்லை. "நீ சொல்றது சரி. நான் தப்பா ஒட்டிட்டேன்" என்றேன். லென்ஸின் நடுவே செல்லும் கதிர் வளையாது என்பதை நான் இன்னும் சொல்லியிருக்கவேயில்லை. நூலின் தவற்றிலிருந்து அவளாகக் கண்டுபிடித்தாள்.

மணி அடித்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி வந்து, "சார், இன்னிக்குத்தான் சார் முழுசாப் புரிஞ்சுது. எங்க பக்கம் ஜன்னல் வெளிச்சத்துல போர்டே தெரியாது சார்" என்றாள். கண் நன்றாகத் தெரிகிற பெண். பாராட்டுவதாக நினைத்துச் சொன்னாள். பதினெட்டு வருடத்துக்கும் சேர்த்துத் தீர்ப்புப் படித்ததுபோல் எனக்குக் கேட்டது. அந்தக் கடைசி பெஞ்சில் எத்தனை வருடமாக எத்தனை பேர் பலகை தெரியாமல் உட்கார்ந்து, மக்குகள் என்று என்னிடமே பெயர் வாங்கிக்கொண்டு போனார்கள்?

தலைமையாசிரியரிடம் போய், டி.சி. கொடுக்க வேண்டாம், வேறு அறிக்கை தருகிறேன் என்றேன். "பொறுப்பு உங்களுது. ரிசல்ட் குறைஞ்சா உங்களைத்தான் கேப்பேன்" என்றார். மேகலாவின் அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் வந்ததும் புதிய அறிக்கையை நீட்டினேன். படித்தீர்கள். நான் காத்திருந்தேன். அந்தத் திங்கட்கிழமை வகுப்பைப் போல ஒரு வகுப்பை நான் அதற்கு முன் எடுத்ததில்லை, நீங்கள் அதைப் பார்க்கவும் இல்லை. குறைந்தது கேட்கவாவது செய்வீர்கள் என்று எதிர்பார்த்தேன்.

"தேதி போடலை சார்" என்றீர்கள்.

தேதி போட்டுக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டீர்கள். பழைய தாள் என்னவாயிற்று என்று கேட்டதற்கு, "அது போச்சு, விடுங்க" என்று சொல்லிவிட்டு மேகலாவைத் தேடிப் போய்விட்டீர்கள். என் மனத்தில் உங்களுக்கு எதிராக இருந்ததில் பெரியது இதுதான். வகுப்பு சிரித்தது இரண்டாவது.

மேகலா பாஸானாள். அடுத்த வருடம் உங்களை வேறு வட்டாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். தலைமையாசிரியர் இன்று எங்கே மேடை கிடைத்தாலும், "எங்க பள்ளியில அன்னிக்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏத்த மாதிரி வகுப்பை மாத்தினோம்" என்று பேசுகிறார், பின்னால் திரையில் ஓடும் படத்தைக் காட்டி "இதைப் பாருங்க, இதைப் பாருங்க" என்றபடி. நான் கீழே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் உடம்புக்கு முடியாமல் இருந்தது தெரிந்தும் நான் வரவில்லை. வந்தால், "சொல்லுங்க சார், எப்படி இருக்கீங்க" என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்த வகுப்பைப் பற்றி அப்போதும் கேட்டிருக்க மாட்டீர்கள். அது எனக்குத் தாங்காது என்று நினைத்தேன்.

இன்று காலை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேகலாவின் வீட்டுக்குப் போனேன். இப்போது சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தாள். அவள் அம்மா நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டு, "குந்து சார்" என்றாள். நீங்கள் போன செய்தியை இருவரும் அறிந்திருந்தார்கள். சாவுக்கு வந்திருந்தார்களாம்.

தாளை மேகலாவின் கையில் கொடுத்தேன். இரண்டு வரி தடவியதுமே சிரித்துவிட்டாள்.

"இது நீங்க சார்."

"நானா?"

"உங்க லென்ஸ் பாடம். டீச்சர் செவ்வாக்கிழமை வந்ததும் முதல்ல இதைத்தான் கேட்டாங்க. நீங்க சொன்னதை வரி வரியாச் சொல்ல வெச்சு, அவங்களே குத்திக் குடுத்தாங்க. மூணு தடவை சொல்ல வெச்சாங்க சார். ‘அப்பறம் என்ன சொன்னாரு, அப்பறம் என்ன சொன்னாரு’ன்னு. பரீட்சை வரைக்கும் இதை வெச்சுத்தான் படிச்சேன். அப்பறம் வேற பிள்ளைக்கு ஆகும்னு அட்டையோட சேத்துத் திருப்பிக் குடுத்துட்டேன்." வாசித்தாள். "இடப்பக்கத்திலிருந்து ஐந்து கதிர்கள் வருகின்றன. ஒன்றுக்கொன்று இணையாக வருகின்றன." கடைசி வரி: "நீ சொல்றது சரி. நான் தப்பா ஒட்டிட்டேன்."

அதையும் விடாமல் குத்தியிருக்கிறீர்கள்.

அவள் விரல் என் மையின்மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது. விரலுக்கு மை தெரியாது. அப்படியே எழுந்து வந்திருக்கலாம். எழுதினதை வாயால சொல்லிடுங்க சார், அவ்வளவுதான் நான் கேட்கறது. வராந்தாவில் நீங்கள் சொன்ன அதே தொனியில் அது கேட்டது.

"மேகலா, அந்தத் தாள்ல மையிலயும் எழுதியிருக்கு. நான் எழுதினது" என்றேன். தாளை வாங்கிப் படித்தேன். மேற்படி மாணவி வகுப்பறைக் கற்பித்தலைப் பின்தொடரும் நிலையில் இல்லை. பத்து வரியும் படித்தேன். கீழே இருந்த என் பெயரையும் படித்தேன்.

"தெரியும் சார்" என்றாள் மேகலா. "அன்னிக்கே டீச்சர் ரெண்டு ரிப்போர்ட்டையும் படிச்சுக் காட்டினாங்க. உன்னப் பத்தி எழுதினது உனக்குத் தெரியணும்னு. இந்தத் தாளை நான்தான் கேட்டு வாங்கினேன். கெட்டியா இருந்துச்சு." தாளை மறுபடி வாங்கி ஓரத்தைத் தடவினாள். "பாருங்க, ஒரு புள்ளிகூட அமுங்கலை."

அந்த வருடம் முடியும் வரை அதைத் தெரிந்துகொண்டேதான் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

அவள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. அடுப்படி வாசலில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அன்னிக்கு மார்க்கெட்ல கேட்டனே சார்" என்றாள். "தெரியாதுன்னியே."

நான் தலையாட்டினேன். பிறகு மேகலா இருப்பது நினைவுக்கு வந்து, "ஆமாம்மா, பொய் சொன்னேன்" என்று வாயால் சொன்னேன். அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். சண்டை போட மாட்டேன் என்று அன்று சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். சண்டை போட்டிருக்கலாம். நான் டீயைக் குடித்து முடிக்கும் வரை அவள் வெளியே வரவில்லை.

தாளை மேகலாவிடமே விட்டுவிட்டு வந்தேன். நீங்கள் கேட்காமல் விட்டதாக ஆறு வருடம் நான் கறுவிக்கொண்டிருந்த வகுப்பை, வந்தவுடனே முதல் வேலையாகக் கேட்டிருக்கிறீர்கள். அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்தக் குறை உங்கள்மேல் எனக்கு இருக்கத்தான் செய்கிறது.

அட்டை என்னிடம் இருக்கிறது. நாளை இரண்டாவது பீரியட் பத்தாம் வகுப்பு, லென்ஸ். கடைசி பெஞ்சிலிருந்து தொடங்கி, கண்ணை மூடச் சொல்லி, கைமாற்றி விடப்போகிறேன். மூன்றாவது நூலை நான் திருத்தவில்லை. யார் முதலில் சொல்கிறார்கள் என்று பார்க்கிறேன்.